தேனும் கசக்கும், ரசமும் இரும்பாகும்!

"என்னடி இது? ரசத்தில் உப்பே காணோம்!"

"போட்டேனே, அம்மா. நானே வாயில் விட்டுப் பார்த்தேனே."

"பின்னே ஏன் ஆணியை வாயில் போட்டுச் சப்புகிற மாதிரி இருக்கிறது?"

மகள் மறுபடியும் கரண்டியில் எடுத்து ருசி பார்க்கிறாள். உப்பு சரி. புளி சரி. ரசம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தாய் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். மகளுக்குக் கோபம் வருகிறது. பிறகு அழுகை வருகிறது.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் இருக்கும் வீடுகளில் இப்படிப்பட்ட பேச்சு அடிக்கடி கேட்கும்.

இதில் யார் சொல்வது உண்மை?

இருவர் சொல்வதும் உண்மை! ரசத்தில் உப்பு இருக்கிறது. தாயின் நாக்குக்கு அது எட்டவில்லை.

கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டால், "முடி கொட்டும், வாந்தி வரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். ருசி மாறும் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் இந்தச் சிகிச்சை பெறுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்காவது நாக்கின் ருசி மாறுகிறது. சிலருக்குத் தேன் கசக்கும். சிலருக்குப் பச்சைத் தண்ணீர் கசக்கும். நாற்பது வருஷம் காபி குடித்தவர், காபி வாசனை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். ஆட்டுக்கறி அழுகியது போல் இருக்கும். சோறு, அட்டையை மெல்வது போல் இருக்கும்.

இதைப் பிடிவாதம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். "நாலு வாய் சாப்பிட்டால்தானே தெம்பு வரும்?" என்று அதட்டுகிறார்கள். அதட்டினால் ருசி வராது.

பத்து நாள் ஆயுள்

கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். சின்னச் சின்னப் பொரிகள் தெரியும். அவற்றுக்குள்ளே சுவை மொட்டுகள் இருக்கின்றன. வெறும் கண்ணுக்கு அவை தெரியாது. பூதக் கண்ணாடிக் கருவியில்தான் பார்க்க முடியும். மனிதனுக்கு இப்படி ஆயிரக்கணக்கான சுவை மொட்டுகள் உண்டு. நாக்கில் மட்டுமல்ல, மேலண்ணத்திலும் தொண்டையிலும் இருக்கின்றன. ஒவ்வொரு மொட்டிலும் 50 முதல் 100 வரை உயிரணுக்கள் பூவிதழ்கள் போல் அடுக்கி இருக்கும்.

இந்த அணுக்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. சராசரியாக 10 நாட்கள்தான்! சூடான காபி, காரமான குழம்பு, புளிப்பான ஊறுகாய் எல்லாவற்றிலும் அடிபடும் இடம் அல்லவா? பழையவை மடிகின்றன. அடியில் இருக்கும் தாய் அணுக்கள் பிரிந்து பிரிந்து புதியவற்றைப் பெற்றுத் தருகின்றன. போன மாதம் உங்களுக்கு மாம்பழ ருசியைச் சொன்ன அணுக்களில் பெரும்பாலானவை இன்று இல்லை.

இங்கேதான் வம்பு வருகிறது.

புற்றுநோய் என்பது என்ன? உடம்பின் அணுக்கள் கட்டுக்கடங்காமல் பிரிந்து பெருகுவதுதான் அது. ஆகவே, வேகமாகப் பிரியும் அணுக்களைத் தேடிக் கொல்லும் மருந்துகளை டாக்டர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மருந்துக்குக் கண் இல்லை. "இது புற்று, இது நல்ல அணு" என்று பார்த்துப் பிரிக்க அதற்குத் தெரியாது. வேகமாகப் பிரிவது எதுவாக இருந்தாலும் அடிக்கும். முடியின் வேர் அடிபடுகிறது, முடி கொட்டுகிறது. குடலின் உட்புறம் அடிபடுகிறது, வயிறு கெடுகிறது. நாக்கின் தாய் அணுக்கள் அடிபடுகின்றன, ருசி போய்விடுகிறது.

இந்த மருந்துகள் பிறந்த கதையே விசித்திரமானது. 1943-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, இரண்டாம் உலகப் போரின்போது, இத்தாலி நாட்டின் பாரி துறைமுகத்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசின. அங்கே நின்ற "ஜான் ஹார்வி" என்ற அமெரிக்கக் கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. கப்பல் வெடித்தது. விஷம் கடலில் கலந்தது. பாதிக்கப்பட்டவர்களின் உடலைச் சோதித்தபோது, இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அழிந்திருப்பது தெரிந்தது. அதற்கு முந்திய ஆண்டே, அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் இந்த விஷத்தின் உறவுப் பொருள் ஒன்றை ஒரு புற்றுநோயாளிக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். விஷத்தை மருந்தாக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர்களில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர். பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்தான் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா போனார். அங்கே லெடர்லி மருந்துக் கம்பெனியில் அவருடைய குழுவினர் உண்டாக்கிய மருந்தை, பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். பல குழந்தைகளுக்கு நோய் சில காலம் தணிந்தது. 1948-ல் அந்தச் செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அவர் குழுவின் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் ஆஸ்பத்திரிகளில் பயன்படுகிறது. வாய்ப்புண்ணுக்குப் பேர்போன மருந்துகளில் அதுவும் ஒன்று!

கையில் ஏறும் மருந்து வாயில் தெரியும்

அணுக்கள் மடிவது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு.

கையில்தான் ஊசி போடுகிறார்கள். ஆனால் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, "வாயில் ஏதோ கசக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். நர்சுகளுக்கு இது பழகிய விஷயம். மருந்து இரத்தத்தில் ஓடி நாக்கின் அடிப்பக்கம் வழியாகவே சுவை மொட்டுகளைத் தொடுகிறது. எச்சிலிலும் கொஞ்சம் வந்து சேர்கிறது.

சிஸ்பிளாட்டின் என்று ஒரு மருந்து. அதில் உண்மையிலேயே பிளாட்டினம் என்னும் உலோகம் இருக்கிறது. கிருமிகளின் மீது மின்சாரம் பாய்ச்சினால் என்ன ஆகும் என்று பார்னெட் ரோசன்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமிகள் பெருகுவது நின்றுபோயிற்று. மின்சாரம் அல்ல, மின்சாரம் பாய்ச்சிய பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்த பொருள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இது 1965-ல் வெளிவந்த செய்தி. அந்த மருந்து ஏற்றிக்கொள்பவர்களில் பலர், "வாயில் இரும்பு ருசி" என்று சொல்கிறார்கள். ஆனால் பிளாட்டினம் இருப்பதால்தான் இரும்பு ருசி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உலோகமே இல்லாத மருந்துகளை ஏற்றிக்கொள்பவர்களும் இதையே சொல்கிறார்கள்.

மூக்கும் இதில் கூட்டாளி. நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு வாசனை. வேண்டுமானால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏலக்காய் போட்ட பாயசத்தை, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுங்கள். இனிப்பு தெரியும். ஏலக்காய் தெரியாது. மூக்கை விடுங்கள். உடனே ஏலக்காய் வந்துவிடும்! மூக்கில் வாசனை அறியும் அணுக்களும் மடிந்து மடிந்து பிறப்பவைதாம். அவையும் மருந்தில் அடிபடலாம்.

எச்சில் வற்றினாலும் ருசி குறையும். எச்சிலில் கரைந்தால்தான் உப்போ, சர்க்கரையோ சுவை மொட்டுக்குள் போக முடியும். காய்ந்த நாக்கில் கல்கண்டை வைத்தாலும் கல்தான்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாக்கிலோ, கன்னத்தின் உட்புறத்திலோ தயிர் ஒட்டியது போல் வெள்ளைப் படலம் தெரிந்தால், அது காளான் கிருமியால் வந்ததாக இருக்கலாம். அதனாலும் ருசி கெடும். அதற்கு மருந்து உண்டு. டாக்டரிடம் காட்டினால் குணமாகும். "எல்லாம் கீமோ செய்கிற வேலை" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

ஐஸ்கிரீம் பரீட்சை

இனி வருவது எல்லாவற்றையும்விட ஆச்சரியமானது. சமையல் செய்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற பெண்மணி மனநூல் ஆராய்ச்சி செய்து வந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் குழந்தைகள், முன்பு ஆசையாய்ச் சாப்பிட்ட பண்டங்களை வெறுப்பதை அவர் கவனித்தார். ஏன்?

ஒரு பரீட்சை வைத்தார். புதுவிதமான ஐஸ்கிரீம் ஒன்றைத் தயாரித்தார்கள். மேப்பிள் மரப்பாகும் கறுப்பு வாதுமையும் மணக்கும் ஐஸ்கிரீம். அதற்கு "மேப்பிள்டாஃப்" என்று பெயர் வைத்தார்கள். குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள்.

முதல் பிரிவுக்கு ஐஸ்கிரீம் கொடுத்து, அதன் பிறகு வயிற்றைப் புரட்டும் மருந்தை ஏற்றினார்கள். இரண்டாவது பிரிவுக்கு அதே மாதிரி மருந்து உண்டு, ஐஸ்கிரீம் இல்லை. மூன்றாவது பிரிவுக்கு ஐஸ்கிரீம் உண்டு. வயிற்றைப் புரட்டும் மருந்து இல்லை.

இரண்டு முதல் நான்கு வாரம் கழிந்தது. குழந்தைகளைக் கூப்பிட்டு, "மேப்பிள்டாஃப் வேண்டுமா, விளையாட வேண்டுமா?" என்று கேட்டார்கள். மற்ற இரண்டு பிரிவுகளிலும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளாவது ஐஸ்கிரீமைத்தான் கேட்டார்கள். முதல் பிரிவிலோ, ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள்தான் கேட்டார்கள்! மற்றவர்களுக்கு ஐஸ்கிரீம் வேண்டவே வேண்டாம்.

ஒரே ஒரு தடவை சாப்பிட்டது. ஒரே ஒரு தடவை குமட்டியது. அவ்வளவுதான். அந்த ருசிக்கும் குமட்டலுக்கும் மூளை முடிச்சுப் போட்டுவிட்டது!

இதில் வேடிக்கை என்னவென்றால், குமட்டலுக்குக் காரணம் ஊசி மருந்துதான் என்பது அந்தக் குழந்தைகளில் பலருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பயன் இல்லை. அறிவு ஒன்று சொல்கிறது. வயிறு வேறொன்று சொல்கிறது. வயிறுதான் ஜெயிக்கிறது. 1978-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. பிறகு வயது வந்தவர்களிடம் சோதித்தபோதும் இப்படித்தான் நடந்தது.

உண்மையில் இது உடம்பின் பழைய தற்காப்பு. காட்டில் வாழ்ந்த மனிதன் ஒரு காயைத் தின்றான். வயிறு புரட்டியது. மறுமுறை அந்தக் காயைக் கண்டாலே குமட்டினால்தான் உயிர் பிழைப்பான். எலிகளுக்கும் இந்தப் புத்தி உண்டு. ஜான் கார்சியா என்ற விஞ்ஞானி 1955-லேயே இதைக் காட்டினார். இனிப்புத் தண்ணீர் குடித்த எலிகள் மீது கதிர் வீச்சுப் பட்டது. அதன் பிறகு அவை இனிப்புத் தண்ணீரை ஒதுக்கின. தண்ணீர் ஒரு பாவமும் செய்யவில்லை!

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நாளைக் காலையில் அப்பாவுக்கு ஊசி. "பாவம், நாளைக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட மாட்டார்" என்று அம்மா நினைக்கிறாள். அவருக்கு உயிரான வத்தக்குழம்பை வைத்து, அப்பளம் பொரித்து, வயிறு நிறையப் போட்டு அனுப்புகிறாள். அன்பினால் செய்வதுதான். ஆனால் வத்தக்குழம்புக்கு ஆபத்து வந்துவிட்டது! அன்று சாயங்காலம் குமட்டினால், மூளை குழம்பின் மீது பழி போடும். அப்புறம் மாதக்கணக்கில் அவர் வத்தக்குழம்பைத் திரும்பிப் பார்க்க மாட்டார். சாப்பிட வேண்டிய காலத்தில், பிடித்த பண்டம் ஒன்று குறைந்துபோயிற்று.

ஆகவே, ஊசி நாளன்று பிடித்தமான பண்டம் வேண்டாம். இட்லியோ, கஞ்சியோ, ரொட்டியோ, ஏதாவது சாதாரணமானதைக் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். வத்தக்குழம்பை நல்ல நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெர்ன்ஸ்டைன் இதற்கு ஒரு தந்திரமும் கண்டுபிடித்தார். சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் நடுவில், வித்தியாசமான ருசியுள்ள ஒரு மிட்டாயைக் குழந்தைக்குக் கொடுப்பது. மூளை யார் மீதாவது பழி போட்டுத்தானே தீரும்? மிட்டாய் மீது போடட்டும்! மிட்டாய் பலிகடா ஆயிற்று, சாப்பாடு தப்பித்தது. 1987-ல் அவரும் அவருடைய துணை ஆராய்ச்சியாளரும் இதை வெளியிட்டார்கள். மிட்டாய் சாப்பிட்ட குழந்தைகளுக்குச் சாப்பாட்டின் மீது வெறுப்பு குறைவாகவே ஏற்பட்டது.

1990-களில் வாந்தியை அடக்கும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அந்தக் காலத்து நோயாளிகள் பட்ட பாட்டில் பாதிகூட இப்போது இல்லை. ஆனால் வாந்தி வராவிட்டாலும் குமட்டல் இருக்கலாம். முடிச்சுப் போட மூளைக்கு அது போதும்.

காரம் ருசி அல்ல!

அறுசுவை என்று நம் முன்னோர் சொன்னார்கள். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு. இந்த ஆறில் கார்ப்பும் துவர்ப்பும் சுவை மொட்டுகளின் வேலை அல்ல என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். துவர்ப்பு என்பது வாய் வறண்டு இழுக்கும் உணர்ச்சி. காரம் என்பது எரிச்சல்! சூடு பட்டால் "சுடுகிறது" என்று சொல்லும் நரம்புதான் மிளகாய் பட்டாலும் அப்படிச் சொல்கிறது. மிளகாயின் காரத்தை உணரும் வாசல் எது என்று டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1997-ல் கண்டுபிடித்தார். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோயாளிக்கு இதனால் என்ன லாபம்? சுவை மொட்டு தூங்கினாலும் அந்த நரம்பு விழித்திருக்கும். "எதுவும் தெரியவில்லை, எல்லாம் சப்" என்று சொல்பவர்களுக்கு, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் இஞ்சி, ஒரு புதினா இலை சேர்த்தால் வாய்க்கு உயிர் வரும். ஆனால் வாயில் புண் இருந்தால் காரம் கூடவே கூடாது. எலுமிச்சையும் கூடாது. நெருப்பில் எண்ணெய் விட்டது போல் ஆகிவிடும்.

நம் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு சுவையும் இருக்கிறது. 1908-ல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகெடா, கடற்பாசிச் சாற்றில் அதைக் கண்டுபிடித்தார். "உமாமி" என்று பெயர் வைத்தார். பெயர் புதிது; ருசி பழசு. பழுத்த தக்காளியைச் சுண்ட வைத்தால் வருகிறதே, காளானில் இருக்கிறதே, கருவாட்டுக் குழம்பில் தூக்குகிறதே, அதுதான்!

சமையற்கட்டில் என்ன செய்யலாம்?

இரும்பு ருசி என்று சொல்பவருக்கு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எதற்கு? வாழை இலையில் போட்டு, கையால் சாப்பிடச் சொல்லுங்கள். நமக்கு இதைவிடச் சுலபமான வைத்தியம் உண்டா? கஞ்சி குடிக்க மரக்கரண்டியோ, பிளாஸ்டிக் கரண்டியோ போதும். தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் கொடுக்கலாம். வெறும் தண்ணீர் கசந்தால், வாயில் புண் இல்லாதவர்களுக்கு இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்து கொடுக்கலாம்.

சாப்பிடும் முன் வாயைக் கொப்பளிப்பது மிகவும் நல்லது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. பழைய ருசி கழுவிக்கொண்டு போகும். புண்ணுக்கும் இதமாக இருக்கும்.

எல்லாம் தித்திக்கிறது என்று சொன்னால் துளி உப்போ, துளிப் புளிப்போ சேர்க்கலாம். எல்லாம் கசக்கிறது என்றால் துளி வெல்லம். கறி பிடிக்கவில்லை என்றால் கறியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். முட்டை இருக்கிறது. மீன் இருக்கிறது. பருப்பு, சுண்டல், பன்னீர் இருக்கின்றன. முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். மருந்தினால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில், பாதி வெந்ததும் பச்சையாக இருப்பதும் ஆபத்து. வெளியில் விற்கும் சட்னியும் வேண்டாம்.

தாளிக்கும் வாசனையே பலருக்கு எமன். கடுகு வெடிக்கும்போது நோயாளியைச் சமையற்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆவி பறக்கும் சாதத்தில் வாசனை அதிகம். ஆறிய சாதத்தில் குறைவு. ஆறிய தயிர் சாதம் பலருக்கு இறங்குவது இதனால்தான். ஆனால் இதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறியவர்களுக்குச் சில நாட்கள் குளிர்ந்த எதுவும் ஆகாது. ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இழுத்துப் பிடிப்பது போல் இருக்கும். எந்த மருந்து ஏறுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கை மறந்துவிடுங்கள். ஆறு தடவை, ஏழு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ருசி நாளுக்கு நாள் மாறும். நேற்றுப் பிடித்தது இன்று பிடிக்காது. மருந்து ஏறிய முதல் சில நாட்கள் மோசம். அடுத்த ஊசிக்கு முந்திய நாட்களில் பலருக்கு நாக்கு கொஞ்சம் தெளியும். அந்தத் தெளிந்த நாட்களில்தான் நன்றாகச் சாப்பிட வைக்க வேண்டும். ஒரு காலண்டரில் இதைக் குறித்து வைத்தால், இரண்டு மூன்று சுற்றில் வீட்டாருக்கே கணக்குப் பிடிபட்டுவிடும்.

வாரம் ஒரு முறை எடை பார்ப்பதும் முக்கியம். எடை இறங்கிக்கொண்டே போனால் மருந்தின் அளவைக் குறைக்கவோ, ஊசியைத் தள்ளிப் போடவோ நேரிடும். நோயை அடிக்க வேண்டிய மருந்து நாள் தவறிப் போகும். ஆகவே "சாப்பாடு இறங்கவில்லை" என்பது சின்ன விஷயம் அல்ல. டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் டாக்டர், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "நல்லா இருக்கேன் ஐயா" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதுதான் நம்மவர்கள் வழக்கம்!

சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாக்கு மரத்திருப்பதால், காபியில் நாலு கரண்டி சர்க்கரை போட்டாலும் இனிக்காது. ஆனால் இரத்தத்தில் ஏறிவிடும். உப்பும் அப்படித்தான். சாப்பாடு ஊசிப்போனது நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாமல் போகலாம். அதை வீட்டில் மற்றொருவர் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

துத்தநாக மாத்திரை தின்றால் ருசி திரும்பும் என்று சிலர் சொல்வதுண்டு. கீமோ பெறுபவர்களிடம் சோதித்த ஆராய்ச்சிகளில் உறுதியான பலன் தெரியவில்லை. டாக்டரைக் கேட்காமல் வாங்கித் தின்ன வேண்டாம். பத்தியம் என்ற பெயரில் பாலையும் முட்டையையும் நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே நாலு வாய் சாப்பிடுபவருக்கு அதிலும் இரண்டு வாயைப் பிடுங்குவது என்ன வைத்தியமோ!

தாய்க்காகத் தொடங்கிய சமையல் வகுப்பு

இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரைச் சேர்ந்தவர் ரையன் ரைலி. அவருடைய தாய்க்கு நுரையீரல் புற்றுநோய். மருந்து ஏற ஏற, தாய்க்குச் சாப்பாட்டில் ருசி போயிற்று. மகன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் செய்யத் தெரியவில்லை. 2013-ல் தாய் இறந்தார். அப்போது மகனுக்கு வயது இருபதுதான்.

பின்னாளில் அவர் சமையல் தொழிலுக்கு வந்தார். தன் தாயைப் போல் ருசி இழந்தவர்களுக்கு இலவசமாகச் சமையல் சொல்லிக்கொடுக்க முடிவு செய்தார். லண்டன் பல்கலைக் கழகத்தில் புலன்களைப் பற்றி ஆராயும் பேராசிரியர் பாரி ஸ்மித்திடம் யோசனை கேட்டார். 2019-ல் சண்டர்லாந்திலேயே ஒரு சமையல் பள்ளியைத் திறந்தார். அதற்கு "லைஃப் கிச்சன்" என்று பெயர். உயிர்ச் சமையலறை என்று சொல்லலாம்.

அங்கே செய்து காட்டிய பண்டங்களில் ஒன்று, அன்னாசிப் பழத் துண்டில் இறால் வைத்து, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்தது. புளிப்பு எச்சிலை ஊற வைக்கும். காரம் நரம்பைத் தட்டும். இறாலில் உமாமி இருக்கிறது. அன்னாசி வாயைத் துலக்கும். படித்துப் பார்த்தால் வெள்ளைக்காரர் பண்டம். யோசித்துப் பார்த்தால், புளிப்பும் காரமும் இனிப்பும் உப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த நம் மாங்காய்ப் பச்சடிக்கு அது தூரத்துச் சொந்தம்தான்!

வகுப்புக்கு வந்தவர்கள் தனியாக வரவில்லை. கணவனோ, மகளோ, தோழியோ கூட வந்தார்கள். சாப்பிடுபவரும் சமைப்பவரும் ஒரே மேஜையில் நின்று, "இது தெரிகிறதா? இது தெரிகிறதா?" என்று கேட்டுக் கேட்டுச் சமைத்தார்கள். சமைத்தவர்களுக்கும் ஒரு காயம் இருக்கிறது என்பதை ரைலி அறிந்திருந்தார். ஆசை ஆசையாய்ச் செய்த பண்டம் தட்டில் அப்படியே ஆறிக் கிடப்பதைப் பார்க்கும் காயம் அது.

ருசி திரும்பும் நாள்

பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு ருசி திரும்பி விடுகிறது. மருந்து நின்றதும் தாய் அணுக்கள் மறுபடியும் பிரியத் தொடங்குகின்றன. சில வாரங்களிலோ, சில மாதங்களிலோ நாக்கு பழைய நிலைக்கு வரும். தலையிலும் கழுத்திலும் கதிர் வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இன்னும் அதிக காலம் ஆகலாம். எச்சில் சுரப்பிகள் அடிபட்டிருந்தால் வாய் வறட்சி நீடிக்கும்.

எல்லா ருசியும் ஒரே நாளில் வருவதில்லை. உப்பு சரியாகத் தெரியும். காபி இன்னும் நாறும். காபி சரியாகும், கறி இன்னும் இறங்காது.

மூளை போட்ட முடிச்சு மட்டும் தானாக அவிழ்வதில்லை. சுவை மொட்டுகள் குணமான பிறகும், ஊசி நாளன்று சாப்பிட்ட பண்டத்தைக் கண்டால் வயிறு புரட்டலாம். அதற்கும் வழி இருக்கிறது. குமட்டல் இல்லாத ஒரு நாளில், அந்தப் பண்டத்தில் ஒரே ஒரு வாய். கட்டாயப்படுத்தாமல், வேறு பண்டத்தோடு சேர்த்து. சில நாள் கழித்து இன்னொரு வாய். சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று வயிறு மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும். சிலருக்கு நாலைந்து தடவையில் சரியாகும். சிலர் பல வருஷம் கழித்தும் அந்த ஒரு பண்டத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஒதுக்கினால் ஒதுக்கட்டும். வேறு குழம்பு வைத்தால் போகிறது!